விலை தெரிகிறது, கோழி எத்தனை என்று தெரியவில்லை

ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில் மத்திய அரசின் சில்லறைப் பணவீக்கக் கணக்கு வெளியாகும். அன்று சாயங்காலம் அதிலிருந்து முட்டை, இறைச்சி, பால், காய்கறி வரிகளை மட்டும் எடுத்து என் எக்ஸெல் கோப்பில் ஒட்டுவேன். பக்கத்துப் பத்திகளில் நாமக்கல் முட்டை விலை, பல்லடம் கறிக்கோழி விலை, ஒட்டன்சத்திரம் தக்காளி விலை. எட்டு வருஷமா இது ஓடுது. யாரும் கேட்கல, நானா செய்யறேன்.

இந்தக் கோப்பை வைத்து ஒருமுறை நான் சொன்ன யோசனையில் என் மாமாவுக்கு நஷ்டம். அதை யோசிக்கப் போய்த்தான், இந்த மாதாந்தர விலைக் கணக்குகளை நாம் படிக்கும் விதத்தின் மேலும், அவற்றைத் தயாரிக்கும் விதத்தின் மேலும் சந்தேகம் வந்தது.

மாமாவுக்கு நாமக்கல் பக்கம் ரெண்டு ஷெட் முட்டைக்கோழி. ஒரு அக்டோபரில், 72 வாரம் தாண்டிய ஒரு பேட்ச்சை கறிக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டார். நான் கோப்பைத் திறந்தேன். வருஷா வருஷம் புரட்டாசியில் படுத்த விலை, குளிர்காலத்தில் ஏறுகிறது. வட இந்தியாவில் குளிர் வந்தால் முட்டை நன்றாகப் போகும், கிறிஸ்துமஸ் கேக் வேறு. "இன்னும் ரெண்டு மாசம் வச்சிருங்க மாமா, டிசம்பர்ல கட்டாயம் ஏறும்" என்றேன். சொன்ன மாதிரியே ஏறியது. ஆனால் பொங்கலுக்குப் போனபோது அவர் முகம் சரியில்லை. "மாப்ள, உங்க கணக்கு சரிதானுங்க. வெல ஏறுச்சு. ஆனா ஊர்ல இருக்கற அத்தன பேரும் அதே கணக்கத்தான போட்டாங்க?"

எல்லோரும் கிழட்டுக் கோழியைக் கையில் வைத்திருந்ததால் முட்டை குவிந்தது. அறிவிப்பு விலை ஏறியதோடு சேர்ந்து வியாபாரிகள் கழிக்கிற மைனஸும் ஏறியது. இது எதுவும் என் கோப்பில் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், நாம் பார்ப்பது எந்த விலை?

நாமக்கல் விலை என்று தினமும் பேப்பரில் வருவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை. முட்டையை அடக்க விலைக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்த பண்ணையாளர்கள் 1982-இல் சேர்ந்து அமைத்த அமைப்பு அது. விலையை நாமே சொல்வோம் என்று உற்பத்தியாளர்கள் கிளம்பியது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த விலை ஒரு பரிந்துரை. பண்ணை வாசலில் லாரி வந்து நிற்கும்போது அதிலிருந்து இத்தனை காசு மைனஸ் என்று கழித்துத்தான் பேரம் முடியும். முட்டைக்குத் தட்டுப்பாடு இருந்தால் மைனஸ் சுருங்கும், தேங்கினால் விரியும். அதாவது சந்தையின் உண்மையான ஏற்ற இறக்கத்தில் ஒரு பெரிய பகுதி மைனஸில்தான் இருக்கிறது. மாத வரைபடத்தில் அது கிடையாது.

இன்னொரு முனையில் சில்லறை விலை. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் முட்டையின் எடை 0.43 சதவீதம். நூறு ரூபாய் செலவில் அரை ரூபாய்கூட இல்லை. அதனால் முட்டை எவ்வளவு ஆடினாலும் தலைப்புச் செய்தி அசையாது. நாமக்கல்லில் பல குடும்பங்களுக்கு வருமானமே அதுதான் என்றாலும், டில்லி அட்டவணையில் அது ஒரு புள்ளி.

இரண்டாவது, எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிடுகிறோம்?

தக்காளியை எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் அது எகிறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் காய்கறிப் பணவீக்கம் 37.34 சதவீதம், மொத்தப் பணவீக்கம் 7.44 சதவீதம். அடுத்த வருஷம் ஜூலையில் காய்கறி 6.83 என்று வந்தது. மொத்தக் கணக்கும் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளில் இல்லாத குறைவு என்று செய்திகள் கொண்டாடின. ஆனால் அந்த 6.83, முந்தைய வருஷம் 37 ஏறி நின்ற இடத்திலிருந்து மேலும் ஏறியது. விலை இறங்கவே இல்லை! மார்க்கெட்டுக்குப் போன யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

முட்டைக்கும் கோழிக்கும் இன்னொரு சிக்கல், காலண்டர். விலைக் கணக்கு ஆங்கில மாதத்தில் நடக்கிறது, சாப்பாடு அப்படி நடப்பதில்லை. புரட்டாசி பாதி செப்டம்பரில், பாதி அக்டோபரில். அதனால் ஒரே விரத மாதத்தின் பாதிப்பு ரெண்டு மாதக் கணக்கில் பிரிந்து கரைந்துவிடுகிறது. நவராத்திரி 2023-இல் அக்டோபர் நடுவில் தொடங்கியது, 2025-இல் செப்டம்பர் 22-லேயே வந்துவிட்டது. வடக்கே சாவன் மாதத்தில் நிறையப் பேர் அசைவத்தைத் தொடமாட்டார்கள். 2023-இல் அதிக மாதம் சேர்ந்ததால் சாவன் ஜூலை 4-லிருந்து ஆகஸ்ட் கடைசிவரை ரெண்டு மாதம் நீண்டது. 2024-இல் ஆகஸ்ட் 19-லேயே முடிந்தது. இந்த ரெண்டு ஆகஸ்டுகளையும் நேருக்கு நேர் வைத்து "கோழி விலை இத்தனை சதவீதம் மாற்றம்" என்று எழுதினால், சந்தையைப் பற்றிச் சொல்கிறோமா, பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்கிறோமா? பண்டிகை, விரதங்களைக் கழித்துப் பார்த்தபிறகு மிச்சம் இருப்பதுதான் போக்கு. நம் மாதாந்தரச் செய்திகளில் அந்தக் கழித்தலை நான் பார்த்ததில்லை.

இவை ரெண்டையும் கொஞ்சம் பாடுபட்டால் நாமே சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவதை முடியாது. விலை மாதாமாதம் வருகிறது, உற்பத்தி வருவதில்லை.

இந்தியாவில் பால், முட்டை, இறைச்சி உற்பத்தியைக் கணக்கிடுவது கால்நடைப் பராமரிப்புத் துறையின் ஒருங்கிணைந்த மாதிரிக் கணக்கெடுப்பு. மார்ச்சில் தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை, கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவமாக எடுக்கிறார்கள். முடிவு ஆண்டுக்கு ஒருமுறை நவம்பர் 26, தேசியப் பால் நாளில் வெளியாகும். 2023-24-இல் நாட்டில் 14,277 கோடி முட்டை, அதில் ஆந்திரம் முதலிடம், தமிழ்நாடு 15.64 சதவீதத்தோடு இரண்டாமிடம் என்று நமக்குத் தெரிந்தது 2024 நவம்பரில். கணக்கெடுப்பு ஆண்டு முடிந்து ஒன்பது மாதம் கழித்து. நல்ல வேலைதான், ஆனால் அது வரலாறு. நாமக்கல்லில் முட்டையைக் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்து விற்பதில்லை. சில நாளில் தள்ளியாக வேண்டும். சில நாளில் விற்கும் பொருளுக்கு வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விலை ஏறினால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். முட்டை குறைந்திருக்கலாம், சாப்பிடுபவர்கள் கூடியிருக்கலாம், தீவனம் ஏறியிருக்கலாம், நடுவில் யாராவது பிடித்து வைத்திருக்கலாம். எண்ணிக்கை தெரியாமல் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒரே கோடுதான்.

அமெரிக்க வேளாண் துறை 'கோழிகளும் முட்டைகளும்' என்று மாதம் ஒரு அறிக்கை போடுகிறது. பக்கங்கள் முழுக்க அட்டவணை, படிக்க ஒரு சுவாரஸ்யமும் இருக்காது. ஆனால் அதில் இருப்பதைப் பாருங்கள். முட்டையிடும் கோழிகள் எத்தனை, மாதத்தில் எத்தனை முட்டை, 100 கோழிக்கு எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பொரித்தது, இன்குபேட்டரில் எத்தனை முட்டை இருக்கிறது. 2022-இலிருந்து அங்கே பறவைக் காய்ச்சல் அலையலையாக வந்தது. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டது. சந்தைக்கு முட்டையிடும் கோழிகள் 30 கோடிக்குக் கீழே போயிருந்ததை அந்த அறிக்கை காட்டியது. ஜூனில் விலை 4 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. அங்கேயும் சண்டைதான். "கோழி குறைந்த அளவை விட விலை ஏன் இவ்வளவு கூடுதலாக ஏறியது, பெரிய கம்பெனிகள் சேர்ந்து விளையாடுகின்றனவா?" என்ற கேள்வி எழுந்து, அதே மார்ச்சில் நீதித்துறை விசாரணை வரை போனது. என் பாயிண்ட் என்னவென்றால், அந்தக் கேள்வியைக் கேட்கவே கோழி எண்ணிக்கை வேண்டும். நம்மிடம் விலை ஏறும்போது பேச ஆதாரம் இல்லை. வாங்குபவர் பண்ணைக்காரரைத் திட்டுவார், பண்ணைக்காரர் வியாபாரியைத் திட்டுவார், வியாபாரி தேவையைக் காரணம் சொல்வார். யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு தாள்கூடக் கிடையாது.

இதில் தீவனத்தை விட்டுவிட்டால் கணக்கு முழுசாகாது. ஒரு முட்டைக்கோழி நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தின்னும், இட்டாலும் இடாவிட்டாலும். 92 சதவீதம் இடுகிற இளம் பேட்ச்சில் ஒரு முட்டைக்கு 120 கிராம் தீவனம். 70 சதவீதத்துக்கு இறங்கிய கிழட்டுப் பேட்ச்சில் 157 கிராம். தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிழட்டுக் கோழியின் முட்டைக்கு ஒரு ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. நான் மாமாவுக்குச் சொன்ன யோசனையில் இந்த ஒரு ரூபாய் இல்லவே இல்லை.

தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம், பிறகு சோயா புண்ணாக்கு. 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தபோது பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்காரர்களுக்கு அடி விழுந்தது. அந்த அடி அடுத்து நாமக்கல் தீவன மில்லுக்கு வந்தது. 2021-இல் சோயா விலை ஏறி, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அரசு அனுமதிக்கும் அளவுக்குப் போனது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கட்டுப்பாடு வந்ததும், ஆலைகள் மக்காச்சோளம் பக்கம் திரும்பின. கார் டேங்கும் கோழியும் ஒரே சோளத்துக்குப் போட்டி. பயிர் விலை ஒரு அட்டவணை, முட்டை விலை இன்னொரு அட்டவணை என்று தனித்தனியாக வெளியிடுவதால் இந்தத் தொடர்பு நமக்குத் தெரியாமலே போகிறது.

ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு கணக்கு உண்டு. நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 காசு, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. முட்டையில் சுமார் 75 காசு. இதைப் படித்ததும் "பரவால்லையே, கோழிக்காரங்க நல்லாத்தான் இருக்காங்க" என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த 75 காசு வருமானம், லாபம் அல்ல. அதிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வது தீவன மூட்டை. பங்கு பெரிசு, கையில் நிற்பது சிறிசு.

சரி, மாதாமாதம் எண்ணுவது முடியாத காரியமா? வீட்டுக்கொல்லையில் மேயும் கோழிகளை எண்ணுவது கஷ்டம்தான். ஆனால் சந்தைக்கு வரும் முட்டையில் பெரும்பங்கு பெரிய ஷெட்டுகளிலிருந்து வருகிறது. அவையும் நாமக்கல் மாதிரி சில வட்டாரங்களில் குவிந்து கிடக்கின்றன. இன்று பொரித்த குஞ்சு முட்டையிட 18-லிருந்து 20 வாரம் ஆகும். இந்த மாதம் எத்தனை குஞ்சு இறங்கியது என்று தெரிந்தால், நாலரை மாதம் கழித்து முட்டை எவ்வளவு வரும் என்று பாதி தெரிந்த மாதிரி. அந்தக் கணக்கு குஞ்சு விற்கும் ஹேச்சரிக்காரர்களின் ரசீதில் இருக்கிறது, வாங்கும் ரெண்டு ஷெட்காரருக்குத் தெரிவதில்லை. தக்காளியும் அப்படித்தான். நர்சரியில் நாற்று விற்று, நட்டு, முதல் பறிப்பு வர ஏறக்குறைய ரெண்டு, ரெண்டரை மாதம். இந்த வாரம் பாலக்கோட்டிலும் உடுமலையிலும் எத்தனை நாற்று போனது என்று எண்ணினால், ரெண்டரை மாதம் கழித்து ரோட்டில் கொட்டப்போகிறோமா, கிலோ நூறுக்கு விற்கப்போகிறோமா என்று முன்கூட்டியே கொஞ்சம் தெரியும். இன்று நமக்குத் தெரிவது கொட்டிய பிறகுதான்.

மாத விலைக் கணக்குகள் பொய் சொல்லவில்லை. வாங்குபவரின் செலவை அளக்கத்தான் அவை உருவானவை, அதை அளக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு போய் உற்பத்தி செய்பவருக்கு யோசனை சொல்வதுதான் தப்பு. அந்தத் தப்பை நான் செய்தேன். பேப்பரில் எழுதுபவர்களும் தினமும் செய்கிறார்கள்.

இப்போது என் கோப்பில் நாலு பத்தி கூடியிருக்கிறது: மைனஸ், தீவன விலை, பேட்ச்சின் வயது, நூற்றுக்கு எத்தனை முட்டை. மாமாவும் அவருக்குத் தெரிந்த ஆறு பேரும் மாதக் கடைசியில் போனில் சொல்கிறார்கள். ஏழு பண்ணையை வைத்து மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது, தெரியும். ஆனாலும் ஏழு பேருமே கிழட்டுக் கோழியை வைத்திருந்தால் அது ஒரு சேதிதான். போன வாரம் மாமா கேட்டார், "டிசம்பர்ல வெல ஏறுங்களா மாப்ள?" ஏறலாம் மாமா, ஆனா உங்க பக்கத்து ஷெட்டுல எத்தன கோழி இருக்குன்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க என்றேன்.