ஆக்கி, அழிப்பி, இனக்குழு

மூலக்கொத்தளம் இடுகாட்டில் தாளமுத்து, நடராசன் நினைவிடம் இருக்கிறது. பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1939-ல் அந்தச் சிறைவாசத்தின்போதே இறந்த இருவர். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி ப்ளஸ் டூவில் தமிழ்வழியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, அதையே கல்லூரியிலும் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்காக அரசுப் பாடப்புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் பாராட்டு. பழைய சி ப்ளஸ் ப்ளஸ் புத்தகத்தில் கன்ஸ்ட்ரக்டருக்கு 'ஆக்கி', டெஸ்ட்ரக்டருக்கு 'அழிப்பி'. படித்தவுடனே வேலை புரிகிறது, ஆங்கிலத்தைவிடச் சுருக்கமும்கூட. 'கிளாஸ்' என்பதற்கு 'இனக்குழு' என்று வைத்ததுதான் இடிக்கிறது. சங்ககாலத்து வேளிர் ஞாபகம் வருகிறது.

2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பைத்தானுக்கு மாறியது. நல்ல முடிவு. ஆனால் பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தலை காட்டுகிறது. முதல் பாடத்தில் செயற்கூறை, அதாவது ஃபங்ஷனை, விளக்க 'லெட் ரெக்' என்று தொடங்கும் நிரல்கள். பைத்தானும் இல்லை, சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் இல்லை, எம்.எல். குடும்பத்து மொழிகளின் சாயல். இதை எந்த லேபில் போட்டுப் பார்ப்பது? மனப்பாடம்தான்.

தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறை இப்படிச் சொல்லலாமே: 2-ன் 3-ம் அடுக்கு வேணுமா? 2-ம் அடுக்கைக் கேட்டு வாங்கி 2-ஆல் பெருக்கு. அதற்கு 1-ம் அடுக்கைக் கேள். இப்படியே இறங்கி, 0-ம் அடுக்கு வந்தால் யாரையும் கேட்காமல் 1 என்று சொல்லிவிடு. இந்தக் கடைசி வரியை மறந்தால் மெஷின் கேட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் விஷயம். புத்தகத்து வாக்கியங்களோ ஆங்கிலத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி நீளுகின்றன.

சரி, தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணிவிட்டாள். அப்புறம்? 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது சிவிலும் மெக்கானிக்கலும். கம்ப்யூட்டர் அதில் இல்லை. ஆக்கியும் அழிப்பியும் பள்ளிக்கூட கேட்டோடு சரி. முதல் செமஸ்டரில் அவளுக்குப் பாடம் தெரியும், கேள்வி புரியாது. போன வருஷம் அவள் தமிழில் எழுதி மார்க் வாங்கிய அதே செயற்கூறுதான் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

பாடப்புத்தகக்காரர்கள் கடைசிப் பத்துப் பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம். இங்கே படித்ததைக் கல்லூரி ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கும் என்று இருபது கேள்வி, பக்கத்திலேயே தமிழில் பதில். அவர்களுக்கு நேரமில்லை என்றால் கோனார் நோட்ஸ்காரர்களாவது யோசிக்கலாம்.