ஒரு சுற்றுகூட முடியாத சண்டை

2025 மே மாதம் சீனாவின் ஹாங்சோ நகரில் மனித உருவ ரோபோக்கள் குத்துச்சண்டை போட்டன. யூனிட்ரீ நிறுவனத்தின் ஜி1 வகை ரோபோக்கள். உயரம் சுமார் 130 சென்டிமீட்டர், எடை சுமார் 35 கிலோ. கையில் உறை, தலையில் கவசம். குத்தின, உதைத்தன, தடுமாறி விழுந்தன, கையூன்றி எழுந்தன. பொறியியலாகப் பார்த்தால் வியக்கத்தான் வேண்டும். சண்டையாகப் பார்த்தபோது எனக்கு ஒன்று குறைந்தது. விழுந்த ரோபோ எழுமா எழாதா என்று நெஞ்சு பதறவே இல்லை.

ரோபோக்களின் குத்துச்சண்டையை அமெரிக்கத் தொலைக்காட்சி 1963-லேயே காட்டிவிட்டது. 'தி ட்விலைட் ஜோன்' தொடரில் அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பான 'ஸ்டீல்' என்ற எபிசோடு. கறுப்பு வெள்ளைப் படம், அரை மணி நேரத்துக்கும் குறைவான கதை, வேடமிட்ட நடிகர்கள்தான் ரோபோக்கள். இன்றைய கல்லூரி மாணவர்களின் குறும்படத்தில்கூட அதைவிட நல்ல ஒப்பனை கிடைக்கும். ஆனாலும் அந்தச் சண்டையை இன்று பார்த்தாலும் கை தானாக இறுகுகிறது. அதற்குக் காரணம் பழைய நினைவுகளின் மீதான பாசம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. தான் பிறப்பதற்கு முன்பே ஒளிபரப்பு முடிந்துபோன அந்தத் தொடரை இன்றைய தலைமுறையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் நடிப்பில் இருக்கிறது. குறிப்பாக, அடி வாங்கும் உடலை அவர்கள் காட்டிய விதத்தில் இருக்கிறது. விளையாட்டைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தால் அது இன்னும் தெளிவாகப் புலப்படும்.

தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் குத்துச்சண்டை தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் இருந்தபோது ஃப்ளைவெயிட் பிரிவில் மோதி, மூக்கு உடைபட்டவர். பிலிப்பைன்ஸ் போர்முனையில் காயம்பட்டவர். 'ட்விலைட் ஜோன்' தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1956 அக்டோபரில், 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்' என்ற 90 நிமிடத் தொலைக்காட்சி நாடகம் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. ஓய்வு பெற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட குத்துச்சண்டை வீரனின் கதை. நேரலையில் நடித்துக் காட்டிய அந்த நாடகத்தின் நாயகன் ஜாக் பேலன்ஸ். அவரும் முன்னாள் குத்துச்சண்டை வீரர்தான். ஆகவே செர்லிங் அறிவியல் புனைவுக்கு வந்தபோது கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

1959 அக்டோபர் 2 முதல் 1964 ஜூன் வரை ஐந்து பருவங்கள், 156 எபிசோடுகள். அவற்றில் 92-ஐ செர்லிங்கே எழுதினார். முதல் பருவத்தில் சிபிஎஸ் அதை ஒளிபரப்பிய நேரம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி. அதே வெள்ளி, அதே 10 மணிக்கு என்பிசி அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்தது ஜில்லெட் நிறுவனம் வழங்கிய குத்துச்சண்டை நேரலை! அமெரிக்க வீடுகளின் வரவேற்பறையில் ஒரு திருகலில் சண்டை, மறு திருகலில் விண்வெளியும் விபரீதமும். இரண்டும் ஒரே மாதிரியான படம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. குத்துச்சண்டை அன்றைய தொலைக்காட்சிக்கு வாகாக அமைந்ததற்குக் காரணம் அதன் சிறிய களம். மேலிருந்து ஒரு வெளிச்சம், நடுவில் இருவர், சுற்றிலும் இருட்டு. ஒன்றிரண்டு கேமராக்கள் போதும். 'ட்விலைட் ஜோன்' ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளெமன்ஸ் அதே சட்டகத்தைத்தான் கையாண்டார்: ஓர் அறை, ஓர் ஒளி, தப்பிக்க இடமில்லாத ஒரு மனிதன். அவருக்கு எம்மி விருதும் கிடைத்தது.

இனி 'ஸ்டீல்'. மூலக்கதை, திரைக்கதை இரண்டும் ரிச்சர்ட் மாதசன். கதை நடக்கும் ஆண்டு 1974. மனிதர்கள் மோதும் குத்துச்சண்டையை 1968-லேயே சட்டம் தடை செய்துவிட்டது; இப்போது மோதுபவை இயந்திரங்கள். செர்லிங்கின் முன்னுரையே செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் துணுக்குப் போலத்தான் ஒலிக்கும். 'ஸ்டீல்' கெல்லி ஒரு முன்னாள் ஹெவிவெயிட் வீரன். வாழ்நாளில் யாரும் அவனைத் தரையில் வீழ்த்தியதில்லை என்பதால் அந்தப் பட்டப்பெயர். இன்று அவன் சொத்து, பேட்லிங் மேக்ஸோ என்ற பழைய பி2 ரக ரோபோ மட்டும். எதிரில் நிற்கப்போவது பி7 ரகம். கேன்சாஸ் மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் ஆறு சுற்றுப் போட்டி. சண்டைக்குச் சற்று முன் மேக்ஸோவின் கையில் ஒரு ஸ்பிரிங் அறுந்துபோகிறது. மாற்றுப் பாகம் கிடைக்காது, வாங்கப் பணமும் இல்லை. கெல்லி ஒரு முடிவுக்கு வருகிறான்: ரோபோ வேடம் போட்டுக்கொண்டு தானே இறங்குவது.

குத்துச்சண்டைக்குத் தடை என்பது 1963-இல் வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது. 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்திடம் அடிபட்டு விழுந்த பென்னி பாரெட், பத்து நாட்கள் கழித்து இறந்தார். அந்தச் சண்டையை நாடே நேரலையில் பார்த்தது. மறு ஆண்டு மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் சுகர் ராமோஸுடன் மோதிய டேவி மூர், சண்டை முடிந்த சில நாட்களில் உயிர் விட்டார். கலிஃபோர்னியா ஆளுநர் பாட் பிரவுன் குத்துச்சண்டையையே தடை செய்ய வேண்டும் என்றார். அதற்கு ஆறு மாதம் கழித்து ஒளிபரப்பான கதையில், தடை ஏற்கெனவே வந்துவிட்டது. பார்த்தவர்கள் அந்த 1968-ஐ நிச்சயம் நம்பியிருப்பார்கள்.

கெல்லியாக நடித்தவர் லீ மார்வின். அவர் முன்னிருந்த வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மனிதனைப் போலச் சண்டையிடும்படி செய்யப்பட்ட ஓர் இயந்திரம். அந்த இயந்திரமாக வேடமிடும் ஒரு வீரன். அந்த வீரனாக நடிக்கும் மார்வின். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தோல்கள். மேலே இருப்பதற்கு வலி தெரியாது, அடியில் இருப்பவனுக்கு வலி மட்டுமே தெரியும். குத்து விழும்போது முகம் சுளிக்கக்கூடாது, மூச்சு வாங்குவது தெரியக்கூடாது, காலில் விறைப்பு குறையக்கூடாது. இயல்பான வீரன் அடியின் திசையோடு தலையைத் திருப்பித் தாக்கத்தைக் குறைத்துக்கொள்வான். கெல்லியால் அது முடியாது. திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தன் தொழிலில் கற்ற தற்காப்பை எல்லாம் தானே பூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். மார்வின் அந்தப் பூட்டைக் கழுத்தில் வைக்கிறார். கழுத்து இறுக இறுகக் கண்கள் மட்டும் மனிதனுடையவையாக மாறிக்கொண்டே வருகின்றன. அவரும் போர்க்களத்தில், 1944-இல் சைபன் தீவில், குண்டடி பட்டவர்.

ஒரு கட்டத்தில் எதிராளியின் பின்தலை திறந்து கிடைக்கிறது. கெல்லி தன் பலமெல்லாம் திரட்டிக் குத்துகிறான். பி7 அசையவே இல்லை. மொத்தச் சண்டையின் திருப்புமுனை அதுதான். தோற்கப்போகிறோம் என்பது ஒரு வீரனுக்குப் பெரும்பாலும் அடி வாங்கும்போது உறைப்பதில்லை. தன் மிகச் சிறந்த அடி வீணாகும்போதுதான் உறைக்கிறது. டென்னிஸில் எடுக்கவே முடியாது என்று அடித்த பந்து திரும்பி வரும்போது வீரர்களின் தோள் சரிவதைப் பார்த்திருப்போம். பி7-ஆக நின்ற சக் ஹிக்ஸ் ஸ்டன்ட் கலைஞர். எதையும் காட்டாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் பங்கில் பார்க்கலாம். முதல் சுற்று முடிவதற்குள் கெல்லி விழுகிறான். கூட்டம் 'மேக்ஸோ'வை ஏளனம் செய்து கூச்சலிடுகிறது. ஒரு சுற்றுகூடத் தாங்கவில்லை என்று சொல்லி, பேசிய பணத்தில் பாதியைத்தான் தருகிறார்கள். உள்ளே மனிதன் இருந்தது கடைசிவரை கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இதே கதையை வைத்து 2011-இல் ஹ்யூ ஜாக்மன் நடிக்க 'ரியல் ஸ்டீல்' வந்தது. பெரிய ரோபோக்கள், பெரிய அரங்கம், நல்ல வசூல். அதில் மனிதன் வளையத்துக்கு வெளியே நின்று கையை வீசுகிறான், அடி வாங்குவது இரும்பு. மாதசன் எழுதியதன் உயிர்நாடி எதுவோ அதையே வெளியே தள்ளிவிட்டார்கள் என்பது என் கருத்து.

தொடரின் பேஸ்பால் கதை 'தி மைட்டி கேஸி'யைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இங்கே நான் பேசும் நான்கு விளையாட்டுக் கதைகளில் அதுவே பலவீனமானது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி ரோபோ பிட்ச்சரைச் சேர்க்கிறது. மருத்துவப் பரிசோதனையில் இதயம் இல்லை என்று தெரியவர, இதயம் பொருத்துகிறார்கள். இரக்கம் வந்த ரோபோ எதிரணி பேட்டர்களை அவுட்டாக்க மறுக்கிறது. நகைச்சுவை இழுபடுகிறது. ஆனால் படப்பிடிப்புக்குப் பின் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அணி மேலாளராக முதலில் நடித்தவர் பால் டக்ளஸ். நடித்து முடித்த சில நாட்களில், 1959 செப்டம்பர் 11 அன்று, மாரடைப்பால் இறந்தார். படச்சுருளைப் போட்டுப் பார்த்தால் அவருடைய நோய் திரையில் தெரிந்தது. சாகப்போகும் மனிதரின் முகத்தை வைத்து மக்களைச் சிரிக்கச் சொல்ல செர்லிங்குக்கு மனம் வரவில்லை. அலைவரிசை செலவை ஏற்க மறுத்தது. செர்லிங் தன் நிறுவனத்தின் பணத்திலிருந்து சுமார் 27,000 டாலர் செலவிட்டு, ஜாக் வார்டனை வைத்துப் பல காட்சிகளை மறுபடி எடுத்தார். கேமராவின் முன் உடல் பொய் சொல்லாது என்பதை அவர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1961 அக்டோபரில் வந்த 'எ கேம் ஆஃப் பூல்' முழுக்க இரண்டே பேர்: ஜாக் க்ளக்மன், ஜோனதன் வின்டர்ஸ். இறந்துபோன சாம்பியன் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து, தன்னை மிஞ்ச ஏங்கும் இளையவனோடு பில்லியர்ட்ஸ் மேசையில் மோதுகிறார். பணயம், உயிர். வின்டர்ஸ் அன்று அறியப்பட்டது நகைச்சுவைக் கலைஞராக; இங்கே அவர் ஓரிடத்திலும் அவசரப்படுவதில்லை. க்ளக்மன் மேசையை ஓயாமல் சுற்றுகிறார், பேசுகிறார், வியர்க்கிறார். ஜெயித்தே தீர வேண்டியவனுக்கும் ஜெயித்துச் சலித்தவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு அவர்களுடைய நடையின் வேகத்திலேயே தெரிந்துவிடுகிறது. வெற்றி பெற்ற இளையவனுக்குக் கிடைப்பது, செத்த பிறகும் அழைத்த இடத்துக்கெல்லாம் போய்ப் பட்டத்தைக் காக்க வேண்டிய கடமை. மூத்தவர் மீன் பிடிக்கப் போய்விடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1960 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பான 'தி பிக் டால் விஷ்'. வயதாகிவிட்ட கறுப்பின வீரன் போலி ஜாக்சனாக ஐவன் டிக்சன். முதன்மை வேடங்களில் எல்லாரும் கறுப்பினத்தவர். அந்த ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது அரிதிலும் அரிது. கண்ணாடி முன் நின்று தன் முகத்தின் தழும்புகளை ஒவ்வொன்றாக, எந்த ஊர்ச் சண்டையில் வந்தது என்று அவன் சொல்லும் காட்சியில், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மட்டுமே உள்ள வலிமை தெரிகிறது. வண்ணத்தில் தழும்பு ஒப்பனையாகப் போய்விடும். இங்கே அது நிழலாக, முகத்திலேயே குழிந்து நிற்கிறது. சண்டைக்குச் சற்று முன், கோபத்தில் வீசிய குத்து சுவரில் பட்டுக் கை உடைகிறது. உடைந்த கையோடு இறங்கி விழுகிறான். நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஹென்றி முழு மனதோடு வேண்டிக்கொள்கிறான். அடுத்த நொடி போலி நிற்கிறான், எதிராளி தரையில் கிடக்கிறான். கையும் நன்றாக இருக்கிறது.

தந்திரக் காட்சி அவ்வளவுதான். இதற்குப் பிறகு வருவது முழுக்க டிக்சனின் ஆட்டம். வென்றவனாக வீடு திரும்புகிறவன் முகத்தில் சந்தேகம் மெல்லப் பரவுகிறது. நான் விழுந்தேனே, கை உடைந்ததே என்று நினைவு நச்சரிக்கிறது. நம்பினால்தான் வேண்டுதல் நிலைக்கும் என்று சிறுவன் கெஞ்சுகிறான். போலியால் நம்ப முடியவில்லை. அடி வாங்கியே வளர்ந்தவனுக்கு, உழைக்காமல் வந்த வெற்றியை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. மறுபடி தரை, மறுபடி எண்ணிக்கை, இந்த முறை பத்து வரை.

மார்வினுக்கு நடிக்க வலி இருந்தது. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று. டிக்சன் நடிக்க வேண்டியிருந்தது, கையில் கிடைத்த வெற்றியைக் கண்முன் நழுவ விடுவதை. குத்து இல்லை, கூட்டம் இல்லை, எதிரில் ஒரு சிறுவன் மட்டும். அதனால் என் கணக்கில் டிக்சனுக்கே முதலிடம். நான்கு ஆண்டுகள் கழித்து 'நத்திங் பட் எ மேன்' படத்தில் அவர் காட்டிய ஆழம் இங்கேயே தொடங்கிவிட்டது.

இன்று நிஜ விளையாட்டுக் களங்களிலும் இயந்திரம் இறங்கிவிட்டது. விம்பிள்டன் 2025-இல் கோட்டு நடுவர்களை முழுக்க நீக்கிவிட்டு இயந்திரக் கண்ணிடம் வேலையை ஒப்படைத்தது. 2026 பருவத்திலிருந்து அமெரிக்க பேஸ்பாலில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து வீரர்கள் கணினியிடம் முறையிடலாம். சதுரங்கத்தில் 1997-லேயே டீப் ப்ளூ கணினி காஸ்பரோவை வென்றாகிவிட்டது. ஆனாலும் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ் உலகச் சாம்பியன் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று கண்ணீர் விட்டபோது உலகம் அவரைத்தான் பார்த்தது. அவரைவிட வலுவாக ஆடும் மென்பொருள் எல்லாருடைய கைப்பேசியிலும் இருந்தது. அதை யாரும் அன்று திறந்து ரசிக்கவில்லை.

இந்தத் தொடரை முதன்முதலாகப் பார்க்கப்போகிறவர்கள் 'ஸ்டீல்' எபிசோடிலிருந்து தொடங்கலாம். கதை வேகமானது, மார்வின் உடனே ஈர்ப்பார். 'தி பிக் டால் விஷ்' அதற்கு அடுத்து. ஒலியைக் குறைத்துவிட்டு ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை பார்த்தால் டிக்சன் தோள்களை வைத்தே எவ்வளவு சொல்கிறார் என்பது விளங்கும். 'கேஸி'யைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.