முகமுள்ளதும் முகமற்றதும்

பத்துப்பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பிரதிகள் இரண்டு. காஞ்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், திருவெஃகாவை அடுத்த சோலையில், காவலர் அசந்த நேரம் பார்த்து யானையின் நெய்க்கவளத்தை ஒரு சூல் மந்தி பறிக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கோட்டை நட்டுத் தெய்வமேற்றி வணங்குகிறார்கள். இது வாள்போல மூக்கு நீண்ட வேளாமீனின் கொம்பாகத்தான் இருக்க முடியும். மற்ற சுறாவுக்குக் கொம்பு ஏது? பேச்சில் சுறா என்றாலும் வேளா திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது.

மந்தி நமக்கு வேடிக்கை, கொம்பு அவர்களுக்குத் தெய்வம். இந்த வித்தியாசம் இன்றைய சூழலியல் கதையாடலிலும் தொடர்கிறது.

1970களின் இறுதியில் சைலன்ட் வேலி மின்திட்டத்தை எதிர்த்த இயக்கத்துக்குச் சிங்கவால் குரங்கு முகமானது. சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் களத்துக்கு வந்தார்கள். எதிரே நின்றது அரசும் மின்வாரியமும். 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. தேயிலைத் தோட்டங்கள் காட்டைத் துண்டாடிய வால்பாறையில் இன்று குரங்குகள் கடக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நல்லது, வேண்டாமென்று யார் சொன்னது?

வேளாவுக்கு யார் கவிதை எழுதினார்கள்? குரங்கைப் போலவே அதுவும் மெதுவாகப் பெருகும் உயிர். மூக்கின் பற்கள் எந்த வலையிலும் சிக்கும். அடிக்கடலை வழித்தெடுக்கும் இழுவலை வந்தபின் அது தப்ப வழியில்லை. அந்த விசைப்படகுகளுக்கு மானியம் கொடுத்து வளர்த்தது அரசு. 2001 ஜூலையில் அதே அரசு சுறா, திருக்கை அனைத்தையும் பிடிக்கத் தடை விதித்தது. மீனவர்கள் எதிர்த்ததும் டிசம்பரில் பட்டியலைச் சுருக்கியது. வேளாவும் திருக்கை இனங்கள் சிலவும் அதில் நிலைத்தன. புலிக்குரிய அட்டவணையில்தான் சேர்த்தார்கள், ஆனால் புலிக்கு உள்ள முகம் அவற்றுக்கு இல்லை.

சட்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. குரங்குக்கான போராட்டம் அதிகாரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது. வேளாவுக்கான சட்டமோ கரையில் வலை உதறுகிறவனைப் பார்த்துக் கேட்கிறது. பரதவனின் தெய்வம் இன்று அவன் வீட்டில் இருந்தால் தொண்டிப்பொருள்.

'கொரங்குன்னா பாவம், மீனுன்னா கொழம்பா?' என்று கேட்டு நகர்ந்துவிட முடியாது. வேளா பிழைக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மைப் போன்ற முகம் கொண்டதற்கு மட்டும் இரங்குவது கருணை ஆகாது, அது கண்ணாடி பார்ப்பது. முகமற்ற மீனையும் அதைக் கும்பிட்ட மனிதனையும் சேர்த்து எழுதாதவரை நம் பசுமை இலக்கியம் சோலையைத் தாண்டிக் கடற்கரைக்கு வராது.