சிறிய ஞானோபதேசமும் வாலிபப் பிள்ளைகளின் வினாக்களும்

லுத்தரின் சிறிய ஞானோபதேசம் நம் சபைகளிலே திடப்படுத்தல் வகுப்புக்குரிய நூலாகவே பெரும்பாலும் அறியப்பட்டிருக்கின்றது. பதினான்கு அல்லது பதினைந்து வயதுப் பிள்ளை அதனைச் சில மாதங்கள் மனப்பாடஞ் செய்து, சபையார் முன்னிலையில் ஒப்புவித்து, திருவிருந்திலே பங்குபெற்றபின், நூலைப் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே பிள்ளையின் உள்ளத்தில் எழும் வினாக்கள் பல. தேர்வு, நட்பு, காதல், சாதி, கைப்பேசி, ஐயம் ஆகிய இவற்றைப் பற்றிய வினாக்களுக்கு அப்பெட்டிக்குள் இருக்கும் நூல் ஏதேனும் விடை தருமா? இவ்வினாவை முன்வைத்து அந்நூலை ஒரு போதனா நூல் என்ற முறையில் ஆராய விரும்புகிறோம். நமது முடிவை முதலிலேயே கூறிவிடுதல் நலம். நூலில் குறைகள் உண்டு. ஆயினும் அதனை வாலிபருக்கு அந்நியமாக்கியது அக்குறைகளன்று. லுத்தர் வகுத்த போதனா முறையின் இறுதிப் படியைக் கைவிட்டதேயாகும்.

1. நூல் பிறந்த சூழல்

1528ஆம் ஆண்டின் இறுதியிலும் 1529இன் தொடக்கத்திலும் லுத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சந்திக்கும் பணியில் ஈடுபட்டார். கிராமத்து மக்கள் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் அறியாதிருந்தனர். குருமாரிற் பலர் கற்பிக்கும் தகுதியற்றிருந்தனர். அக்கண்ட காட்சியின் வேதனையே 1529இல் இரு ஞானோபதேச நூல்களாக உருவெடுத்தது. சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகள் முதலில் சுவரில் தொங்கவிடத்தக்க தனித் தாள்களாக அச்சாயின என்பது கவனிக்கத்தக்கது. வகுப்பறைக்கென்று மட்டும் அமைந்த நூலாயின் அவ்வாறு அச்சிட்டிருக்க வேண்டியதில்லை. உண்ணும் அறையில், உறங்கும் அறையில், அன்றாடம் கண்ணிற்படும்படி அமைந்த எழுத்து அது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்கவேண்டிய முறை இது என்றே கூறுகின்றது.

அந்நூலில் மீண்டும் மீண்டும் வரும் வினாவும் வீட்டுக்குரியதே. ‘இது என்ன?’ என்று சிறு பிள்ளை தகப்பனை நோக்கிக் கேட்கும் பாங்கில் அது அமைந்துள்ளது. உபாகமம் ஆறாம் அதிகாரத்திலும் வருங்காலத்து மகன் கற்பனைகளின் பொருளைக் கேட்கிறான். தகப்பன் எகிப்தினின்று மீட்கப்பட்ட வரலாற்றைச் சொல்லி விடை தருகிறான். நமது வகுப்புகளிலோ இந்நிலை தலைகீழாய் மாறியுள்ளது. வினவுபவர் போதகர், விடை பகர்பவன் பிள்ளை. சொல் பிறழாது ஒப்புவித்தால் விசுவாசம் வந்துவிட்டதென்று கொள்ளப்படுகின்றது. பிள்ளை தானே வினவும் இடம் அங்கே இல்லை.

2. கைவிடப்பட்ட மூன்றாம் படி

சிறிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் லுத்தர் மூன்று படிகளை வகுத்துள்ளார். முதலாவது, மூலவாசகத்தை மாற்றமின்றிப் பதியவைத்தல். இரண்டாவது, அதன் பொருளை விளக்குதல். மூன்றாவது, பெரிய ஞானோபதேசத்தைக் கையாண்டு, ஒவ்வொரு கற்பனையையும் விண்ணப்பத்தையும் உதாரணங்களோடு விரித்துரைத்தல். இம்மூன்றாம் படியில், அந்தந்த மக்களிடையே எந்தக் கற்பனை மிகுதியாய் மீறப்படுகின்றதோ அதனையே வலியுறுத்த வேண்டுமென்று அவர் பணிக்கிறார். கைவினைஞரிடமும் வணிகரிடமும் களவைப் பற்றிய ஏழாம் கற்பனையை வலியுறுத்தும்படி எடுத்துக்காட்டும் தருகிறார். அன்றாட வாழ்க்கையோடு பொருத்திக் கற்பித்தல் நூலாசிரியரே விதித்த கடமை என்பது இதனால் விளங்கும். ஆயினும் நமது திடப்படுத்தல் வகுப்புகளிற் பல இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. சில முதற்படியையே தாண்டுவதில்லை.

மூன்றாம் படிக்கு ஏறினால் நிகழ்வது யாது என்பதை மூன்று வினாக்களைக் கொண்டு காண்போம்.

முதலாவது, மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலோ மருத்துவ நுழைவுத் தேர்விலோ தோற்ற பிள்ளை, ‘என் வாழ்க்கை முடிந்துவிட்டது’ என்று எண்ணுகின்றது. பெற்றோரும் உற்றாரும் அவ்வெண்ணத்தை வளர்க்கின்றனர். முதற் கற்பனையைப் பெரிய ஞானோபதேசத்தில் விளக்கும் லுத்தர், மனிதன் தன் இருதயத்தை எதன்மேல் சார்த்துகிறானோ அதுவே அவனுக்குத் தெய்வம் என்னும் கருத்தை நிறுவுகிறார். பணத்தை மட்டுமல்ல, கல்வித் திறனையும் அதிகாரத்தையும் சுற்றத்தையும் மரியாதையையும் அத்தகைய தெய்வங்களாக எண்ணுகிறார். மதிப்பெண் பட்டியல் ஒரு விக்கிரகமாகக் கூடும் என்பதை இதைவிடத் தெளிவாய் யார் கூறவியலும்? கிரியைகளினாலன்றி விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசத்தைப் பிரசங்க பீடத்தில் முழங்கிவிட்டு, சபையின் ஆண்டு விழாவிலே மிகுந்த மதிப்பெண் பெற்றோரை மட்டும் மேடையேற்றுவோமாயின், பிள்ளைகள் எந்த உபதேசத்தை நம்புவர்?

இரண்டாவது, சாதியும் திருமணமும். ‘ஞானஸ்நானத்தில் நாம் ஒன்று என்றால், பெண் பார்க்கையில் மட்டும் சாதி கேட்பது ஏன்?’ என்று கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிடுவது எளிது. ஆனால் அவ்வினா புதியதன்று. 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடிச் சபையிலேயே இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் இக்காரியத்தில் ஏனைய மிஷன்களைவிட நெகிழ்ந்து நடந்தது. ஆகவே அப்பிள்ளை கேட்பது நம் சபை வரலாறு இன்னும் முழு விடை தராத வினாவாகும். பெற்றோரைக் கனம்பண்ணவேண்டும் என்னும் நான்காம் கற்பனையை இங்கே விடையாகக் காட்டுவோர் உண்டு. கற்பனைகளின் விளக்கங்கள் யாவும் தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூருதலையே அடிப்படையாகக் கொண்டு தொடங்குகின்றன என்பதை அவர்கள் மறக்கலாகாது. முதற் கற்பனையின் கீழேயே நான்காவது நிற்கின்றது. மேலும், 1524இல் இப்பொருள் பற்றியே ஒரு சிறுநூல் எழுதிய லுத்தர், பெற்றோர் பிள்ளைகளை மணத்திற்கு வற்புறுத்தலும் ஆகாது, தடுத்தலும் ஆகாது என்றார். பிள்ளைகள் பெற்றோர் சம்மதமின்றி நிச்சயம் செய்துகொள்ளலும் ஆகாது என்றார். இரு சாராரையும் ஒருங்கே கட்டும் போதனை இது. ஒரு பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, மறு பாதியைப் பெற்றோருக்குச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று.

மூன்றாவது, ஐயம். ‘என்னால் விசுவாசிக்க முடியவில்லை’ என்று கூறும் வாலிபனைக் கண்டு போதகர் திகைக்கிறார். விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கமோ அவ்விடத்திலேயே தொடங்குகின்றது. தன் அறிவினாலும் பலத்தினாலும் கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ தன்னால் இயலாது என்பதே அங்கே அறிக்கை செய்யப்படுகின்றது. சுவிசேஷத்தினாலே அழைக்கிறவர் பரிசுத்த ஆவியானவர். அந்த வாலிபன் தன்னை சபைக்கு வெளியே நிற்பவனாக எண்ணுகிறான். சபையின் அறிக்கையோ அவன் சொல்லையே தன் முதற்சொல்லாகக் கொண்டிருக்கின்றது. இதனை அவனுக்கு எடுத்துரைப்பதைவிடச் சிறந்த ஆத்தும விசாரணை எதுவோ?

3. நூலின் எல்லைகள்

இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறுதல் வேண்டும். நூலின் இறுதியிலுள்ள கடமைகளின் அட்டவணை, வீட்டெஜமானும் வேலையாட்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்துக்குரியது. அதில் வாலிபருக்கென அமைந்த இடம் மூப்பருக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிய ஒரு வேதவாக்கியத்தோடு முடிவடைகின்றது. தகப்பன் தொழிலை விட்டு வேறு படிப்பையும் வேலையையும் நாடும் பிள்ளைக்கு, அது எவ்வாறு தன் அழைப்பை அறிவது என்பதற்கு, அவ்வட்டவணையில் வழிகாட்டுதல் இல்லை. மூப்பரே அநீதி செய்யுமிடத்து இளையவர் செய்யவேண்டியது யாது என்பதும் அங்கே இல்லை. இவற்றை லுத்தரின் ஏனைய எழுத்துக்களிலிருந்தும் திருமறையிலிருந்தும் நாமே நிரப்பவேண்டும். கைப்பேசியில் ஒரு மாணவியைப் பற்றிய பழிச்சொல்லைப் பலருக்கு அனுப்புதல் எட்டாம் கற்பனையை மீறுதலாகும் என்று நூல் நேராய்ச் சொல்லாது. ஆயின் அயலானைக் காத்துப் பேசி, அவன் செய்கைக்கு நல்ல பொருளே கொள்ளவேண்டுமென்று அக்கற்பனையை விளக்கும் இடத்திலிருந்து அதனை வருவித்துக் காட்டுவது போதகரின் வேலை.

4. செய்யத்தக்கது

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபின் இந்நூலைத் தமிழாக்கிக் கற்பித்தார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பேசிய நூல் அது. அதனை எறிந்துவிட்டு வேறொன்றைத் தேடவேண்டுமென்று நாம் கூறவில்லை. மனப்பாடமும் இருக்கட்டும், துன்ப வேளையில் நாவிலெழும் சொற்கள் அவ்வாறு பதிந்தவையே. ஆனால் ஒவ்வொரு வகுப்பின் பிற்பாதியிலும் வினவும் உரிமையைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்து, திடப்படுத்தலுக்குப் பின்னும் இரண்டு ஆண்டுகள் அவர்களை விடாது கூட்டி, பெரிய ஞானோபதேசத்தைத் துணைக்கொண்டு கற்பனைகளை அவர்கள் வாழ்வோடு பொருத்திப் பயிலச் செய்யலாம். பெற்றோரையும் ஆண்டில் சிலமுறை அவ்வகுப்பில் உடனமரச் செய்தல் நலம். நூல் முதன்முதலில் அவர்கள் கையிலேயே கொடுக்கப்பட்டது.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து சங்கடமான வினாவொன்றைக் கேட்கக்கூடும். அப்பொழுது கடிகாரத்தைப் பார்த்து அடுத்த பாடத்திற்குச் செல்லாதீர்கள். அந்த வினாவிலேதான் உங்கள் பாடம் தொடங்குகின்றது.