ஈ, தா, கொடு: தகுதியும் இடமும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஈ, தா, கொடு என்னும் மூன்று வினைகளையும் இரத்தற் பொருளில் வழங்கும் சொற்களாகக் கூறி, முதலாவதை இழிந்தோன் கூற்று, இரண்டாவதை ஒப்போன் கூற்று, மூன்றாவதை உயர்ந்தோன் கூற்று என வகுக்கிறது. பழந்தமிழ்ச் சமூகத்தின் மேல்கீழ் அடுக்கிற்கு இப்பகுதியை நேர்ச்சான்றாக எடுத்தாள்வதுண்டு. அங்ஙனம் எடுத்தாளும்போது இவற்றை அடுத்து நிற்கும் நூற்பா விடுபட்டுப் போவதால் பொருளே திரிந்துவிடுகிறது.

விடுபடும் அந்நூற்பா கொடு என்பதைப் பற்றியது. கொடு படர்க்கைக்குரிய சொல்லே ஆயினும், பேசுவோன் தன்னைப் பிறன் ஒருவன்போல் வைத்துக் கூறும் குறிப்பினால் தன்னிடத்தும் வழங்கும் என்கிறார் ஆசிரியர். இவ்விளக்கம் ஏன் தேவைப்பட்டது? தருதல், வருதல் ஆகியவை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன; கொடுத்தல், செல்லுதல் ஆகியவை படர்க்கைக்கு உரியன என்பது கிளவியாக்கத்தில் முன்னரே கூறப்பட்ட விதி. அதன்படி தனக்கு ஒன்றை வேண்டுவோன் தா எனல் வேண்டுமேயன்றிக் கொடு எனல் ஆகாது. உயர்ந்தோன் மட்டும் அவ்விதியை மீறுகிறான். 'எனக்கு' என்று நேர்நின்று கேட்கும் நிலையிலிருந்து விலகி, மூன்றாமவன் ஒருவனுக்காகக் கேட்பவன்போல் நிற்கிறான். ஆகவே இவ்வினையில் உயர்வு என்பது சொல்லின் பொருளில் இல்லை. இடத்தை மாற்றிச் சொல்லும் முறையில் இருக்கிறது. தா என்பது ஒப்போன் கூற்றாவதும் இதனாலேயே விளங்கும். தன்மையும் முன்னிலையும் ஒருவரையொருவர் எதிர்நோக்கி நிற்கும் இடங்கள். அவ்விரண்டிற்கும் ஒரே வினை பொதுவாகும்போது பேசுவோனும் கேட்போனும் ஒரே தளத்தில் வைக்கப்படுகின்றனர்.

இனமொழிகள் இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன. திராவிட மொழிகளில் 'வா', 'தா' வினைகள் பற்றி எமனோ 1945ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, பெறுவோன் எவ்விடத்தான் என்பதைப் பொறுத்துக் கொடைவினை வேறுபடுவதைப் பல மொழிகளைக் கொண்டு நிறுவியது. மலையாளத்தில் இவ்வேறுபாடு இன்றும் உயிருடன் உள்ளது: எனக்கோ உனக்கோ ஆயின் தருதல், அவனுக்காயின் கொடுத்தல். ஆயினும் அங்குக் கொடுத்தல் உயர்ந்தோன் சொல் அன்று. கன்னடத்தில் கொடு என்பதே பொதுவான கொடைவினை. தரு என்பது கொண்டுவருதலைக் குறிக்கும். தெலுங்கிலோ, தமிழில் இழிந்தோன் கூற்றான ஈ என்பதன் இனச்சொல் எல்லாரும் எல்லாரிடத்தும் வழங்கும் இயல்பான வினையாக உள்ளது. மூன்று சொற்களும் இயல்பிலேயே தகுதி சுட்டுவன ஆயின் அதன் சுவடேனும் இம்மொழிகளில் எஞ்சியிருத்தல் வேண்டும்.

இவ்விளக்கம் இரண்டு சொற்களுக்கே முற்றும் பொருந்தும் என்பதையும் ஒப்புதல் வேண்டும். ஈ என்பது கிளவியாக்க விதியில் இடம்பெறவில்லை. அதன் இழிவை இடக் கோட்பாட்டால் விளக்க இயலாது. அதற்கு இலக்கிய வழக்கையே நாட வேண்டும். கழைதின் யானையார் பாடிய புறநானூற்று 204ஆம் பாடல் இரத்தலை இழிவென்று கூறுமிடத்து இரப்போன் வாய்ச்சொல்லாக ஈ என்பதையே வைக்கிறது. வலியக் கொள்ளச் செய்வோன் செயலைக் கொடுத்தல் என்கிறது. திருக்குறள் ஈகை அதிகாரத்தின் முதற்குறளோ வறியவர்க்கு வழங்குவதை மட்டுமே ஈகையாகக் கொண்டு, பிறவற்றைக் கைம்மாறு கருதியவை என ஒதுக்குகிறது. வழங்குவோன் செயலாயினும் இரப்போன் வேண்டுகோளாயினும் ஈ என்னும் வினையில் பெறுவோன் இல்லாதவனாகவே இருக்கிறான். எனவே இங்கு இழிந்தோன் என்பது பிறப்பாலோ தொழிலாலோ அமைந்த நிலையைக் குறித்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஒருவனிடம் ஈ என்று நிற்பவனே வேறொருவனிடம் கொடு என்று கூறக்கூடும். உயர்ந்தோன் கூற்றும் இரவின் கிளவியுள்ளேயே அடக்கப்பட்டிருப்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலில் நிலைமை மாறுகிறது. பவணந்தி முனிவர் மூன்று சொற்களையும் இழிந்தோன், ஒப்போன், மிக்கோன் என ஒரே நூற்பாவில் நிரல்நிறையாக அடக்கிவிடுகிறார். இட விதியை அவரும் பொதுவியலில் தனியே கூறுகிறார். ஆனால் இரண்டையும் இணைத்த நூற்பாவைக் கைவிடுகிறார். சுருக்கம் நன்னூலின் சிறப்பே. எனினும் இவ்விடத்துச் சுருக்கம் காரணத்தை நீக்கிப் படிநிலையை மட்டும் எஞ்சவிட்டது. பிற்காலத்தார் இதனைத் தகுதிப் பட்டியலாகப் படித்ததற்குத் தொல்காப்பியத்தைவிட நன்னூலே பெரிதும் காரணம் எனலாம்.

பட்டியலாகப் படிப்பின் நல்வழிக் கடவுள் வாழ்த்து வழுவாகிவிடும். பிள்ளையாரிடம் முத்தமிழை வேண்டும் ஔவையார் ஈ என்னாது தா என்றே கேட்கிறார். பத்தியுரிமையால் வந்த வழுவமைதி என்று கூறி அமையலாம். ஆனால் பாடலின் போக்கு வேறு. பால், தேன், பாகு, பருப்பு என நான்கை அவர் முதலில் தருவதாகச் சொல்கிறார். பின்னரே மூன்றைக் கேட்கிறார். தானும் ஒன்றை முன்வைத்து எதிர்நின்று கேட்பவள் அந்நேரத்தில் ஒப்போளே ஆகிறாள்.

இன்று 'எனக்குக் கொடு' என்பது எவ்வகை விலகலும் இல்லாத இயல்பு வழக்கு. தாருங்கள், கொடுங்கள் என மதிப்பு வினைப்பகுதியை விட்டு விகுதிக்குச் சென்றுவிட்டது. ஈ என்னும் ஏவலோ பேச்சு வழக்கிலிருந்தே மறைந்துவிட்டது.