பாட்டுக்கு முந்தைய அரை நிமிடம்

இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி 2024 பிப்ரவரியில், 91 வயதில், மும்பையில் காலமானார். அஞ்சலி எழுதியவர்கள் எல்லோருமே அவருடைய குரலை வியந்திருந்தார்கள். நல்ல குரல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே அளவு இனிமையான குரல்கள் அந்தக் காலத்து வானொலியில் இன்னும் பல இருந்தன. சயானியைத் தனியாக நிறுத்தியது வேறொன்று. மனப்பாடமாகிவிட்ட பாட்டுக்குக்கூட, அடுத்து என்ன வருமோ என்று கேட்பவரை அவர் காத்திருக்க வைப்பார். அறிவிப்பாளர் கலையின் உச்சம் இதுதான் என்பேன்.

அவருக்கு வானொலி மேடை கிடைத்ததே ஒரு தடையால். 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குத் திரையிசை என்றால் ஆகாது. சினிமாப் பாட்டு நாட்டின் செவியைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல் ஏறக்குறைய ஒதுங்கிப்போனது. கொழும்பில் இருந்த இலங்கை வானொலியோ இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய வலுவான சிற்றலை ஒலிபரப்பியை வைத்திருந்தது. டெல்லி தர மறுத்ததைக் கொழும்பு தந்தது. இந்தியக் கம்பெனிகளும் விளம்பரக் காசோடு அங்கே போய்ச் சேர்ந்தன. பினாக்கா பற்பசைக்காக ‘பினாக்கா கீத்மாலா’ 1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு தொடங்கியது. அறிவிப்பாளர் சயானிக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

வாரத்துக்கு 25 ரூபாய் சம்பளம். நிகழ்ச்சியை எழுதுவது, பேசுவது, வரும் கடிதங்களைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய அறிவிப்பாளர்கள் யாரும் சீந்தாத வேலை என்பதால்தான் அது இளைஞர் கைக்கு வந்தது. ஏழு பாட்டுகளை ஒலிபரப்புவார்கள். அவற்றைச் சரியான வரிசையில் எழுதி அனுப்புகிறவருக்கு 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன. பிறகு அது வாரத்துக்கு அறுபத்தைந்தாயிரமாக வளர்ந்தது. இத்தனையையும் பிரித்துத் திருத்த ஆள் ஏது? போட்டியைக் கைவிட்டு, இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் கொண்டு பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் திரைப்பாடல் தரவரிசை நிகழ்ச்சி இப்படித்தான் பிறந்தது.

தரவரிசை என்பது வெறும் பட்டியல். பட்டியலைப் படிக்க யாராலும் முடியும். சயானி அதைக் கதையாக்கினார். ‘பன்னிரண்டாம் இடம், பதினொன்றாம் இடம்’ என்று அவர் ஒப்பிக்கவில்லை. ஒவ்வோர் இடத்தையும் ஏணியின் ஒரு படியாக, ‘பாய்தான்’ என்று சொன்னார். படி என்றதும் பாட்டுக்குக் கால் முளைத்துவிடுகிறது. ஒரு பாட்டு இரண்டு படி ஏறும், ஒன்று சறுக்கும், ஒன்று போன வாரம் நின்ற படியிலேயே பிடிவாதமாக நிற்கும். கதாபாத்திரங்கள் கிடைத்துவிட்டால் நாடகம் நடத்துவது சிரமமா? முகேஷ் பாட்டு மேலே போக, ரஃபி பாட்டு கீழே வந்தால் தெருவில் இரண்டு கட்சி. 1955-இல் ராஜ் கபூர் தன் ஜப்பான் சப்பாத்தைப் பற்றிப் பாடும் ‘ஸ்ரீ 420’ பாட்டு ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது. அதை அன்றைக்கு இந்தியா முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டுக்காக யாரும் வானொலி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவே உட்கார்ந்தார்கள்.

அவருடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கூர்ந்து கேட்டால் வேலைப்பாடு பிடிபடும். முதலில் அந்த நீட்டல். ‘பெஹனோ அவுர் பாய்யோ’ என்பதில் முதல் அசை மேலெழுந்து சற்று நிற்கும். சகோதரிகளுக்கே முதல் மரியாதை, சகோதரர்கள் பின்னால். அடித்தொண்டையில் உருளும் கம்பீரக் குரல் அல்ல அது. கொஞ்சம் உயரத்தில், வெளிச்சமாக, சிரிப்பு கலந்து வரும். சிற்றலையில் ஒலி ஏறும், இறங்கும், இரைச்சல் குறுக்கே பாயும். அடிக்குரலாக இருந்தால் அந்த இரைச்சலிலேயே கரைந்துபோயிருக்கும். இவர் குரல் அதைக் கிழித்துக்கொண்டு வந்தது. முக்கியமான பெயரை அவசரமாகச் சொல்லித் தீர்க்கவும் மாட்டார். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டு, ‘ஜீ ஹாங்’ என்று ஒரு தலையசைப்பைக் குரலாலேயே காட்டி, பிறகுதான் பெயரை வைப்பார். அதற்குள் நம் காது பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கும்.

அவர் பேசிய இந்தியின் எளிமை அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. வீட்டு மொழி குஜராத்தி. அண்ணன் ஹமீத் சயானி பெயர் பெற்ற ஆங்கில ஒலிபரப்பாளர். இவரும் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். இந்தி அறிவிப்பாளராக முயன்றபோது, உச்சரிப்பில் ஆங்கிலமும் குஜராத்தியும் தட்டுகின்றன என்று வானொலி நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தது தாய் குல்சும் சயானி நடத்திய ‘ரஹ்பர்’ என்ற பத்திரிகை. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக, காந்தியின் ஊக்கத்தால் தொடங்கியது அது. ஒரே எளிய இந்துஸ்தானியை நாகரி, உருது, குஜராத்தி என மூன்று லிபிகளில் அச்சிட்டார்கள். பையன் அமீன் அதில் தாய்க்கு ஒத்தாசை செய்தார். வடமொழியும் பாரசீகமும் மூட்டையாக ஏறாத, லாகூர் டீக்கடையிலும் பாட்னா ரிக்‌ஷா நிறுத்தத்திலும் ஒன்றுபோலப் புரிகிற மொழி அங்கே படிந்தது. அரசாங்க வானொலி இந்தியைப் பண்டிதமாக்கிக்கொண்டிருந்த நாளில் இவர் கடைத்தெரு மொழியை அதன் மரியாதை குறையாமல் பேசினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொழும்பிலிருந்து பேசியதாகத் தோன்றிய அவர் பேசியது பம்பாயில். அங்கே ஒலிப்பதிவு செய்த நாடாக்கள் விமானத்தில் கொழும்பு போய், வானலையில் இந்தியாவுக்குத் திரும்பின. அப்படி இருந்தும், அப்போதுதான் நம் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுப் பேசுகிறார் என்ற நெருக்கம் குறையவில்லை. பதிவு செய்த பேச்சில் உடனடித்தன்மையைக் கொண்டுவருவது நேரலையில் பேசுவதைவிடக் கடினம்.

இதே கொழும்பு நிலையத்தின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கலையை எடைபோட அளவுகோல் கைவசம் உண்டு. மயில்வாகனனின் குறும்பு, கே.எஸ்.ராஜாவின் மூச்சுவிடாத வேகம், பி.எச்.அப்துல் ஹமீதின் பிசிறில்லாத உச்சரிப்பு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு பாணி. ராஜா நம்மைத் துரத்தினார் என்றால் சயானி நம்மைக் காக்க வைத்தார்.

1988 வரை இலங்கை வானொலியிலும், 1989 முதல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதியிலும் கீத்மாலா ஓடி, 1994-இல் நின்றது. அதற்குள் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ பாட்டைப் படமாகவே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. நடிகர் முகம் தெரிந்தபின் அவரை வருணிக்க ஆள் எதற்கு? இடையில் எத்தனையோ பேர் சயானியை நகலெடுத்தார்கள். மேடைப் பலகுரல்காரர்களுக்கு அந்த நீட்டல் இன்றும் கைத்தட்டல் வாங்கித் தருகிறது. நீட்டலைப் பிடித்தவர்கள் அதற்குக் கீழே இருந்த எழுத்தைப் பிடிக்கவில்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை மறைப்பது என்று தாளில் தீர்மானித்துவிட்டுத்தான் அவர் ஒலிவாங்கி முன் அமர்ந்தார். குரல் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது, அவ்வளவே.

பிற்காலத்தில் அவரே தொகுத்து வழங்கிய கீத்மாலா குறுந்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. இந்தி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பாட்டைத் தாண்டிப் போய், அதற்கு முந்தைய அரை நிமிடத்தை மட்டும் வரிசையாகக் கேட்டுப்பாருங்கள். எங்கே நிறுத்துகிறார், எந்தப் பெயரைத் தள்ளிப்போடுகிறார் என்பது புரியத் தொடங்கும்போது, பாட்டு போடுவதும் ஒரு படைப்புத் தொழில்தான் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.