வீரனின் பிம்பமும் சமையற்காரனின் மௌனமும்: பழவேற்காட்டிலிருந்து சில குறிப்புகள்

தமிழ் வெகுசனப் பரப்பில் ராணுவம் இரண்டு உருவங்களில் புழங்கி வருகிறது. ஒருவன் தியாகி, மற்றவன் கோமாளி. எல்லையில் நின்று தேசத்துக்காக ரத்தம் சிந்துகிறவன் முதலாமவன். லீவில் ஊருக்கு வந்து, முறுக்கிய மீசையும் கேன்டீன் ரம்முமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 'அப்ப நாங்க பார்டர்ல இருந்தோம்...' என்று அளக்கிற 'மிலிட்டரி' இரண்டாமவன். மாதச் சம்பளம் வாங்கி, தட்டோடு வரிசையில் நின்று, கப்பல் தளத்தில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்து, மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, லீவுக்கு எழுதிப்போட்டுக் காத்துக்கிடக்கிற ஒரு தொழிலாளி இவ்விரு பிம்பங்களுக்கும் நடுவில் காணாமற் போகிறான். இந்தக் காணாமற் போதல் தற்செயலானதல்ல, அதனால் லாபமடைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே என் வாதம்.

நம் திரை வீரர்களின் பதவிகளைக் கவனியுங்கள். 'இரத்தத் திலக'த்தில் (1963) மேஜர், 'துப்பாக்கி'யில் (2012) கேப்டன், 'அமர'னில் (2024) மறுபடி மேஜர். 'அமரன்' வந்தபோது இரண்டு விவாதங்கள் நடந்தன. காஷ்மீர் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட விதம் பற்றி ஒன்று. மேஜர் முகுந்த் வரதராஜனின் சாதி அடையாளம் சொல்லப்படாமல் விடப்பட்டது பற்றி இன்னொன்று. முதலாவது அவசியமான விவாதம், இரண்டாவது சுவாரசியமான விவாதம். ஆனால் அந்த மேஜருக்குத் தட்டு கழுவியவன் யார், அவன் எந்த ஊர்க்காரன், அவனுக்கு என்ன சம்பளம் என்கிற கேள்வியை இரண்டு தரப்பிலும் யாரும் எழுப்பியதாக நான் பார்க்கவில்லை. பிரதியின் மௌனம் விமர்சனத்தின் மௌனமாகவும் தொடர்ந்துவிட்டது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பார்க்கிறபோது இந்த மௌனம் வேறு மாதிரி கேட்கிறது. கோரைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ சீருடை என்பது திரையில் மட்டும் பார்க்கிற சங்கதி அல்ல. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கே ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும், அன்றைக்குத் தொழில் இல்லை. விண்வெளி மையம் ராணுவம் ஆகாது, சரி. ஆனால் அதன் வாசலில் துப்பாக்கியோடு நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. 2008 நவம்பர் 26இல் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்கிற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தார்கள். அதற்குப் பிறகு இந்தியக் கரையோரத்து மீனவன் ஒரே நேரத்தில் சந்தேகத்துக்குரியவனாகவும், கடலோரப் பாதுகாப்பின் 'கண்ணும் காதும்' ஆகவும் கட்டமைக்கப்பட்டான். அடையாள அட்டையைக் காட்டு, படகுப் பதிவைக் காட்டு, 'சாகர் கவச்' ஒத்திகையா, சோதனைக்கு நில், புதுப் படகு கண்ணில் பட்டால் தகவல் சொல். சம்பளம் இல்லாத, சீருடை இல்லாத, பென்ஷன் இல்லாத ராணுவ சேவை இது. சினிமா முடிந்து எழுந்து நின்று கைதட்டுகிற நகரத்து மத்தியதர வர்க்கத்தின் 'சேவை' என்கிற சொல்லுக்குள் இது என்றைக்கும் வந்ததில்லை.

ஆனாலும் இந்தக் குப்பங்களின் பையன்களுக்குப் படையில் சேருகிற ஆசை இருக்கிறது. காரணம் தேடி தேசபக்திவரை போக வேண்டியதில்லை. முகத்துவாரம் மணல் மூடி அடைந்துபோகிறது. தெற்கே எண்ணூரின் அனல்மின் சாம்பலும் துறைமுகங்களும் கரையையும் உப்பங்கழியையும் மாற்றிவிட்டன. ஏரியில் எந்த இடத்தில் எந்த முறைக்கு யார் வலை போடுவது என்று தீர்மானிக்கிற 'பாடு' முறை பிறப்பால் உரிமை பெற்ற சில குப்பங்களுக்கானது. தலித்துகளும் இருளர்களும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பாடு உள்ளவனுக்கே வலையில் விழுவது குறைந்துபோன ஏரியில், பாடு இல்லாதவன் அரசாங்கச் சம்பளத்தைத் தேடாமல் வேறு எதைத் தேடுவான்?

இங்கே புழங்குகிற ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். 'கடல்ல பொறந்த புள்ள. நேவில இவனுக்கு என்னாத்த சொல்லிக் குடுக்கப்போறான்?' என்று ஒரு அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். காற்றின் திசை, நீரோட்டம், தண்ணீரின் நிறமாற்றம் எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியும். ஆகவே கப்பற்படை அவனை அள்ளிக்கொள்ளும் என்பது அந்த அம்மாவின் கணக்கு. நகரத்தானின் தியாகி பிம்பத்தைவிட இது நேர்மையான கணக்கு. ஆனால் கணக்குத் தப்புகிறது.

தப்புகிற இடத்தை ஃபூக்கோ காட்டித் தருகிறார். 1975இல் வெளிவந்த சிறைச்சாலை பற்றிய நூலில், உடல்களைப் பழக்குவது குறித்த பகுதியைப் போர்வீரனிலிருந்துதான் தொடங்குகிறார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரன் என்பவன் உடம்பின் குறிகளால் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளப்படுகிறவன். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அவன் பிசைந்து செய்யப்படுகிறவன் ஆகிவிடுகிறான். நவீன ராணுவத்துக்குப் பிறவி வீரன் தேவையில்லை. பயிற்சிக்குப் பணிகிற உடம்பு போதும், அதோடு ஒரு மார்க் ஷீட்.

காலனிய இந்தியா இந்த இரண்டையும் கலந்து ஒரு விநோதப் பண்டத்தைச் செய்தது. அதன் பெயர் 'வீர இனக் கோட்பாடு'. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர்களுக்குப் போர்க்குணம் இல்லை என்று முடிவு கட்டியவர். பறையர்கள் கணிசமாகப் பணியாற்றிய சென்னைப் படை இந்தக் கோட்பாட்டால் சுருங்கியது. இன்றைக்கு 'வீரப் பரம்பரை' என்று சுவரொட்டி ஒட்டுகிற சாதிச் சங்கங்கள் தங்களை அறியாமலே ராபர்ட்ஸின் பேரப்பிள்ளைகள். பிறப்புதான் தகுதி என்கிற அவருடைய தர்க்கத்தை ஏற்றுக்கொண்டு, தங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

குப்பத்துப் பையனுக்கு என்ன ஆகிறது? கடற்படையின் 2022, 2023 அக்னிவீர் அறிவிப்புகளைப் படித்தால் தெரியும். கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவனுக்கு ஒரு வாசல். பத்தாவது மட்டும் படித்தவனுக்கு வேறு வாசல். அந்த இரண்டாவது வாசலுக்குள் இருப்பவை மூன்று வேலைகள்: செஃப், ஸ்டுவர்ட், ஹைஜீனிஸ்ட். அதாவது சமைப்பது, அதிகாரிகளின் மெஸ்ஸில் பரிமாறுவது, கழிப்பறை குளியலறைகளைச் சுத்தம் செய்வது. நீச்சல் தெரிவது விரும்பத்தக்கது மட்டுமே, கட்டாயமில்லை. தெரியாதவனுக்கு அங்கே கற்றுக்கொடுப்பார்கள். காற்றைப் படிக்கிற அறிவுக்கு மார்க் கிடையாது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரியின் கரையில் வளர்ந்த பையன், மிகப் பெரிய ஏரியான சிலிகாவின் கரையில் இருக்கிற ஐ.என்.எஸ். சில்கா பயிற்சித் தளத்துக்குப் போய்ப் பரிமாறக் கற்றுக்கொள்கிறான். சமைப்பதும் கழுவுவதும் இழிவு என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் எந்தக் கப்பலும் நகராது. அவை 'வீரம்' என்கிற சொல்லுக்குள் அனுமதிக்கப்படாததும், கழிப்பறை யார் தலையில் விழுகிறது என்பதைப் பள்ளிப்படிப்பு தீர்மானிப்பதும், பள்ளிப்படிப்பை எது தீர்மானிக்கிறது என்பதும்தான் கேள்வி.

அடுத்தது காலம். 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேவை நான்கு ஆண்டுகள். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் நிதிக்குப் பிடித்துக்கொண்டு கைக்கு வருவது 21,000. முடிவில் அரசின் பங்கும் வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம். அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. பழவேற்காட்டுக்கு இது புதிதல்ல. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் ஒப்பந்தக் கூலிகள்தான். அவர்களில் ஜெர்மானியப் பகுதிகளின் ஏழைகள் பலர். கம்பெனி போட்ட ஒப்பந்தம் ஐந்தாண்டு. நம் அரசு ஓராண்டு குறைத்திருக்கிறது.

'தியாகி' பிம்பத்தின் பயன்பாடு இங்கே வெளிப்படுகிறது. தொழிலாளி பென்ஷன் கேட்கலாம், தியாகி கேட்கக்கூடாது. அக்னிபத்தை எதிர்த்து 2022இல் இளைஞர்கள் தெருவுக்கு வந்தபோது 'தேசபக்தி இருக்கறவன் பென்ஷனைப் பத்திப் பேசுவானா?' என்று நம்மைச் சுற்றி எத்தனை பேர் சலித்துக்கொண்டார்கள்! வணக்கத்துக்குரிய வீரனும் பேரம் பேசத் தகுதியற்ற கூலியும் ஒரே ஆளாக ஆக்கப்படுகிறார்கள். சம்பளக் கணக்கு புனிதத்தால் மூடப்படுகிறது.

இதற்கு எதிரான ஒரு சொல் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1946 பிப்ரவரி 18இல் பம்பாயின் 'தல்வார்' தளத்தில் மாலுமிகள் வேலையை நிறுத்தினார்கள். மோசமான சாப்பாடும் அதிகாரியின் இனவெறி வசவும் அதற்குத் தீப்பொறி. சோறு, சம்பளம், மரியாதை ஆகிய கோரிக்கைகளோடு இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவி, இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திருப்பி அழை என்கிற கோரிக்கைகளையும் வைத்தார்கள். தங்கள் அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலைநிறுத்தக் குழு'. பின்வந்த வரலாற்றெழுத்து இதைக் 'கலகம்', 'எழுச்சி' என்று உயர்த்திப் பேசியபோது, தட்டில் விழுந்த சோறு பின்னுக்குப் போய்விட்டது. சுதந்திர இந்தியாவின் கடற்படை அந்த மாலுமிகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

நம் இலக்கியத்தால் இதை எழுத முடியாதா? முடியும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) வட்டிக்கடை ஊழியர்களின் உலகத்திலிருந்து போரைப் பார்த்தது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இயக்க முகாமைக் காவியமாக்காமல் எழுதியது. இந்தியப் படையில் வேலை பார்த்த தமிழ்ச் சிப்பாயின், சமையற்காரனின், ஹைஜீனிஸ்ட்டின் எழுத்துதான் நம்மிடம் அரிதாக இருக்கிறது. 2022இல் சேர்ந்த பையன்களின் நான்கு ஆண்டுகள் 2026இல் முடியத் தொடங்குகின்றன. ஊர் திரும்புகிறவர்களிடம் 'எத்தனை பேரைச் சுட்ட?' என்று கேட்க டீக்கடைகளில் ஆள் இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், யாருக்குச் சமைத்தாய், யார் திட்டினார்கள், கையில் எவ்வளவு மிஞ்சியது, இப்போது வலை இருக்கிறதா என்று கேட்பதையும், அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே அச்சேற்றுவதையும் நம் பத்திரிகைகள் செய்யலாம்.